பதினேழாம் தாள்

பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் உடல்நல உளவியலில் முதுகலைப் படிப்பு என்று அவளுக்கு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாற்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியிருந்தாள். அங்கே வேலை பார்க்கும் அக்காதான் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். தானும் ஒரு தாளை நிரப்பிப் பெட்டியில் போட்டாள். தாள்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். எது யாருடையது என்று தேட மாட்டேன் எனக் கல்லூரிக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை ஒரு கட்டத்தில் டிக். கூட்டுத்தொகை ஏற ஏற மனசு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. அதில் பதினேழாம் தாள்தான் முதலிடம், முப்பத்து நான்கு.

சனிக்கிழமை மதியம் நூலகத்தில், கூடப் படிக்கும் ஆம்புலன்ஸ் டிரைவர் அவளுடைய மதிப்பெண் பட்டியலை எட்டிப் பார்த்தார். தொண்டையின் புண்ணியத்தில் வகுப்பில் அவருக்கு ‘சைரன்’ என்று பெயர்.

“யாரும்மா இந்தப் பதினேழு? அழுக்குத் துணியை அள்ளிக்கிட்டு இவ்வளவு சந்தோஷமா? எனக்கும் அங்கேயே ஒரு வேலை பாரு.”

“மெதுவாப் பேசுங்கண்ணே, லைப்ரரியன் முறைக்கிறாங்க.”

“மெதுவாத்தாம்மா பேசறேன். ஆமா, தலைகீழ்க் கேள்வியையெல்லாம் திருப்பிட்டேல்ல?”

“எதைண்ணே?”

“‘காலையில எழுந்திருக்கவே பிடிக்கலை’ன்னு இருக்கே, அதுல ஒருத்தர் அஞ்சு போட்டா நல்லதா? அஞ்சை ஒண்ணாக்கித்தானே கூட்டணும்?”

அவள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூட்டலை மூன்று முறை சரிபார்த்திருந்தாள், திருப்ப மறந்த கூட்டலை.

பத்தில் ஆறு கேள்விகள் அந்த ரகம். முதல் தாளிலிருந்து மறுபடி தொடங்கினாள். பதினேழில் அந்த ஆறுக்கும் ஐந்து, மற்ற நான்குக்கும் ஒன்று. திருப்பிக் கூட்டினால் பத்து. அதற்குக் கீழே போக எண்ணே இல்லை.

அப்போதுதான் டிக்குகளைப் பார்த்தாள். டிக்கின் நீண்ட கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டுக் காலண்டரில், தனக்கு நைட் டியூட்டி விழும் நாட்களில் அக்கா இடக்கையால் போடுகிற டிக். அங்கே இன்னும் எத்தனை இடக்கைக்காரர்களோ என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. தேடக் கூடாதுதான், தேடாமலே கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று அவள் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரியும் இல்லை.

நாற்பதையும் முடித்து, தாள்களைக் கல்லூரிப் பீரோவில் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். வந்தவையெல்லாம் கேள்வித்தாள் வாக்கியங்கள். இரண்டு வருஷமாக வீட்டில் பேச்சு முழுக்கத் தன் படிப்பைப் பற்றித்தான் என்பது அப்போது உறைத்தது.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “வாங்க டாக்டரம்மா. உன் பரீட்சையில நாங்கள்லாம் பாஸா?”

“நீ எப்படிக்கா இருக்க?”

“ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லணுமா?”

“நம்பர் வேணாம். சும்மா சொல்லு.”

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. மடித்த தலையணை உறையை உதறி மறுபடி மடித்தாள். “திங்கட்கிழமை கொடுக்கணும்ல? போய் அதைப் பாருடி.”

“பார்த்துக்கலாம்க்கா.” அக்கா அடுத்து எடுத்த போர்வையின் மறுமுனையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

ஒன்றை மடித்தார்கள். இன்னொன்றையும். மூன்றாவதில் அக்கா தன் முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“காலையில எழுந்திருக்கவே பிடிக்கலைடி.”

தங்கை தன் முனையோடு அவளருகே போனாள்.