பூஜாடிக்குத் தூக்குக்குண்டு

நான் மச்சானுக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆபீஸ், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைகளுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். நான் கட்டட வேலை. வாரம் ஆறு நாள் செங்கல் சுமந்தும் பாக்கி குறையவில்லை. வீட்டில் பேச்சுதான் கூடியது.

"எங்கண்ணன் வாய் திறந்து கேக்க மாட்டாரு. அதுக்காக நீங்க காதை மூடிக்கிறதா?"

கடைசியில் மச்சானே வழி சொன்னார்: ஐந்து ஞாயிறு அவரோடு வேலைக்குப் போனால் கணக்கு நேர்.

முதல் ஞாயிறு வாளி தூக்கினேன், பழுதில்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு பல் ஆஸ்பத்திரி. பத்து மணிக்குத் திறப்பு. வரவேற்பு மேசை ஜாடியில் மச்சான் வளைந்த கிளை ஒன்றை இடப்பக்கம் சாய்த்துச் செருகினார். அடியில் நாலு சிவப்பு ரோஜா. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை.

"பாதிதானே ஆயிருக்கு மச்சான்?"

"மாப்பிள்ளை, பூ வேலைக்குக் கோடு வேணும், வடிவம் வேணும், நிறம் வேணும். எல்லாத்துக்கும் மேல இடைவெளி வேணும். கிளை வளையற வழியில கண்ணு போகும். போய் அந்தக் காலி இடத்துல இளைப்பாறும்."

கண் இளைப்பாற இடம் விடுகிறாராம். இருபத்தெட்டு வருடத்தில் எந்த மேஸ்திரியும் என்னை இளைப்பாற விட்டதில்லை.

வாசலுக்கான ஜாடிகளை இறக்க அவர் வண்டிக்குப் போனார். எனக்கு அந்தச் சாய்வு பொறுக்கவில்லை. சாய்ந்த சுவர் ஆளைக் கொல்லும். பையிலிருந்த தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். நாலு விரல்கடை சாய்வு. கிளையை நிமிர்த்திக் கம்பியால் ஒரு நேர்க் குச்சியோடு இறுக்கினேன். காலி இடத்தில், வாளியிலிருந்த மஞ்சள் செவ்வந்தி முழுவதையும் வரிசை வரிசையாக, செங்கல் இணைப்பு மாறி வருவதுபோல் அடுக்கினேன். விரல் நுழையாது.

மச்சான் வந்தார். மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம், படபடப்பு ஒரு பக்கம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"செவுரு மச்சான். அசையாது."

"அது தெரியுது."

பூவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணே, அங்க யாராவது இருக்கீங்களா? எனக்கு யாருமே தெரியல." வரவேற்பில் உட்காரும் பெண். நெற்றி மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. "ஜன்னலா மச்சான் அது? மொதல்லயே ஜன்னல்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

டாக்டரம்மா வரக் கால் மணி நேரம் இருந்தது. இருவரும் செவ்வந்தியைப் பிடுங்கி முடித்தோம். கம்பி மட்டும் அவிழவில்லை. என் கட்டு அப்படி. டாக்டரம்மா உள்ளே வந்து பார்த்தார்.

"கிளைக்கு ஏன் கட்டுப் போட்டிருக்கு?"

"எலும்பு டாக்டருகிட்ட போக வேண்டியது. வழி தவறி இங்க வந்துடுச்சும்மா" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தார். மச்சான் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் பாக்கி நோட்டை எடுத்து, என் பக்கத்தைக் கிழித்து என் கையில் வைத்தார்.

"தீர்ந்துது மாப்பிள்ளை. தங்கச்சிகிட்ட நானே சொல்லிடறேன்."

"இன்னும் மூணு ஞாயிறு இருக்கே மச்சான். சும்மா கழிச்சா நல்லாவா இருக்கும்?"

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். கடைப் பக்கம் மட்டும் வராதீங்க."

என் வீடு அவர் போகும் வழியில் இல்லை. ஆனாலும் சுற்றி வந்து என்னை வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.