உர்ராக்கா என்று வெட்டிய கல்

1

என் கல்லறையை யார் பெயர்க்கிறார்கள்? நான் இன்னும் சாகவில்லையே.

இப்படி நினைத்தவள் உர்ராக்கா. எண்ணூறு வருடங்களுக்கு முன், ஸ்பெயினின் காஸ்டில் மலையோரத்துக் குட்டி அரசு ஒன்றின் இளவரசி. அரண்மனைச் சிற்றாலயத்தில், தன் பெயர் வெட்டிய சின்னக் கல்லின் முன் நிற்கிறாள். கல்லைச் சுற்றிப் புதிதாய் உளி கொத்திய தூசு.

இந்தக் கதை எனக்கு அந்த ஒரு நினைப்பாகத்தான் வந்தது. செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நான் வாழும் இந்த ஸ்பானிய ஊரின் பழைய வழக்கம். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

2

'அன்று காலை பனி இறங்கியிருந்தது. தூதர்கள்...'

வேண்டாம். பனியைக் காட்டிப் பயமுறுத்துவது சோம்பேறித்தனம். விஷயத்துக்கே வருகிறேன்.

மூத்தவள் உர்ராக்காவைத் தொட்டிலிலேயே அண்டை நாட்டு இளவரசனுக்கு நிச்சயித்தார்கள். மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். அதே மாதம் பிறந்தவளுக்கு அவள் பெயரை வைத்தார்கள். சாவை வெளியே சொல்லவில்லை; நிச்சயம் முறிந்தால் போர். இப்போது தூதர்கள் கூடத்தில் காத்திருக்கிறார்கள். சிலுவையில் கை வைத்து, 'தொட்டிலில் நிச்சயித்தவள் நான்தான்' என்று இவள் சத்தியம் செய்ய வேண்டும்.

3

தாய், அரசி எல்விரா. கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மகளிடம் பேசும்போது அவள் பார்வை மகளின் தோளுக்குச் சற்றுப் பின்னால் போகும், அவ்வளவுதான். "உர்ராக்காவுக்குத் தேன் உயிர்" என்பாள். இவளுக்குத் தேன் ஆகாது. சின்னதில் இவள் வாந்தியெடுக்கும்போதெல்லாம் எல்விரா கோபப்பட்டதில்லை. ஆச்சரியப்பட்டாள்.

தூதர்கள் தொழ வருவதற்குள் கல் போய்விட வேண்டும் என்றாள் அரசி.

"எடுத்துட்டா அவ எங்கம்மா போவா?"

"எங்க போவா? நீதானே அவ."

அரசி அதைத் தேறுதலாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். இத்தனை வருடம் அந்தக் கண்கள் யாரைக் கொஞ்சின என்று உர்ராக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தியம் செய்தால் செத்தவள் எழுந்து கல்யாணத்துக்குப் போவாள். இவள் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

4

தலை வாரிய தாதி தோதா சீண்டினாள்: "மூணு வயசு கூட்டிச் சொன்னா பல்லு கொட்டிடாது தாயி. கன்னத்தைக் கிள்ளிக்கோ, செத்தவ மாதிரி வெளுத்துப்போய் இருக்கே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சீப்பு அப்படியே நின்றது.

(தோதாவை நீக்கிவிட நினைத்தேன். அந்த அரண்மனையில் சிரிக்கிற ஒரே ஆள். இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

ஒரு முடிவு: அவள் சத்தியம் செய்கிறாள். போர் இல்லை. புகுந்த வீட்டில் ஒருநாள், யாரும் சொல்லாமலே தேன் கேட்கிறாள்.

இன்னொன்று: மறுக்கிறாள். எல்லைக் கிராமங்கள் எரி...

அதை எழுத எனக்குக் கை வரவில்லை. போர் வருமா, வராதா என்பதை உங்களிடமே விடுகிறேன். ஆனால் ஒன்று. எரிவதைப் பார்க்கப் பயந்து நானும் எல்விராவோடு சேர்ந்துகொண்டேன். 'நான்தான்' என்ற சொல்லை உர்ராக்காவின் வாய்க்காக எழுதி வைத்தேன்.

கூடத்தில் ஆயர் சிலுவையை நீட்டினார். எல்விரா மகளின் தோளுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகைத்தாள்.

"சொல்லு கண்ணு. நீதானே?"

உர்ராக்கா கையைத் தூக்கவில்லை.

"இல்லம்மா," என்றாள், யாரையும் எழுப்பிவிடாத குரலில். "நான் அவளுக்கப்புறம் பொறந்தவ."