பாரிவாக்கத்தில் படுத்த நிழல்

2024 பிப்ரவரி 14, புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, பூந்தமல்லிக்குப் பக்கத்துப் பாரிவாக்கத்தின் மேலே தாழப் பறந்த ஒரு சிறிய விமானம் தன் நிழலை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. விமானம் வழக்கம்போல் கிழக்கே போய் இறங்கிவிட்டது. நிழல் மட்டும் தரையில் கிடந்தது. அதன் வயிறும் வலது இறக்கையும் லட்சுமணனின் ஒரு கிரவுண்டு மனையில் இருந்தன, இடது இறக்கை கன்னியப்பனின் கீரைப் பாத்தியில், வால் தெருவின் குறுக்கே. மாலையில் ஊரிலிருந்த மற்ற நிழல்களெல்லாம் நீண்டபோது இது நீளவில்லை. மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. கன்னியப்பன் மண்வெட்டியை எடுத்து வந்து இறக்கையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். மண் வந்தது, நிழல் வரவில்லை.

மார்ச் மாத வெயில் ஏறியதும் ஆட்டோக்காரர்கள் வால் பகுதியில் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். இளநீர் விற்பவர் மூக்குப் பக்கம் கடை போட்டார். வெளியே நின்று குடித்தால் நாற்பது ரூபாய், நிழலுக்குள் குடித்தால் நாற்பத்தைந்து. ஆனாலும் ஊருக்கு உள்ளூர நிம்மதி இல்லை. வானத்திலிருந்து சும்மா எதுவும் விழாது என்பது பாரிவாக்கத்தாரின் அனுபவம். கன்னியப்பனின் அப்பா காலத்தில், நசரத்பேட்டைப் பக்கம் ரோடு போட அளக்க வந்தவர்கள் ‘சும்மா அளக்கத்தான்’ என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் கிணற்றோடு சேர்த்து ஒன்றரை ஏக்கர் ரோட்டுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதிலும் சுலபமாகக் கையெழுத்துப் போடுவதில்லை. கூரியர் வந்தால்கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்கள். இப்போது ஊரில் பேசிக்கொண்டது இதுதான்: முதலில் நிழல் வரும், அப்புறம் அளவு நாடா வரும், அதற்கப்புறம் ரன்வே வரும்.

லட்சுமணனுக்கு இதில் இழப்பு கூடுதல். விளாத்திகுளம் பக்கத்துக்காரரான அவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து, நிழல் விழுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் மனைவி பஞ்சவர்ணம் முப்பத்தொரு வருடமும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே சமைத்தவள். கன்னியப்பனிடமிருந்து மனையை வாங்கிய அன்றே காலண்டர் தாளின் பின்பக்கம் வீட்டுப் படம் வரைந்துவிட்டாள். ஹாலும் படுக்கையறையும் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்க்க வேண்டும். பதிமூன்று வருடமாக அந்தத் தாள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்டுப் போனபோது அலுவலகத்தில் உயரச் சான்று கேட்டார்கள். விமானங்கள் இறங்கும் பாதையில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் வாங்குவதுதான். ஆனால் மனையில் ஒரு விமானத்தின் நிழல் நிரந்தரமாக இருப்பதால், விமானம் தரைமட்டத்தில் பறப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றும், எனவே அங்கே அனுமதிக்கத்தக்க கட்டட உயரம் பூஜ்யம் என்றும் எழுத்தர் விளக்கினார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். பூஜ்யம் என்று எழுதி அதைச் சுற்றி வட்டமும் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலையே லட்சுமணன் கன்னியப்பனின் வீட்டுக்குப் போனார். நிழல் விழும் இடம் என்று தெரிந்தேதான் தன் தலையில் கட்டிவிட்டார்களோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவர், வாசலில் நின்று கேட்டே விட்டார். கன்னியப்பன் சிரித்தார்.

"நல்லா கீதே நாயம். அது எந்த ஊரு பிளேனு, விசாரிச்சியா அண்ணாத்தே? உங்க ஊரு பக்கத்துக்குப் போய்ட்டு வர்ற பிளேனு. உன் ஊரு பிளேனு கரீட்டா உன் மனையில வந்து குந்திக்கினு கீது. அதுக்கும் உனுக்கும் இன்னா கனெக்‌ஷன்? அத நீ மொதல்ல சொல்லு."

அது அவர் ஊர்ப் பக்கத்து விமானம்தான். எழுபது பேர் உட்காரும், இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம். அது வர ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கத்து மல்லிகை காலையில் பறித்து மதியம் கோயம்பேட்டில் விற்கப்பட்டது. அங்கே இரண்டு குளிர்சாதனக் கிடங்குகளும் ஒரு நர்சிங் கல்லூரியும் வந்திருந்தன. அதையெல்லாம் முன்பு அவரே பெருமையாகக் கன்னியப்பனிடம் சொல்லியிருந்தார். இப்போது அதுவே அவருக்கு எதிரான சாட்சி ஆயிற்று.

ஏப்ரலில் விமான நிலையத்திலிருந்து வித்யா என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். விமானங்கள் எவ்வளவு எண்ணெய் எரிக்கின்றன, எவ்வளவு புகை விடுகின்றன என்று கணக்குப் பார்த்துக் குறைக்கச் சொல்வது அவள் வேலை. அவள் நிழலை அளந்தாள், படம் எடுத்தாள், அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். மோர் கொடுத்தபோது குடித்தாள். வேறு எதையும் கேட்கவில்லை. எதையும் கேட்காத அதிகாரியை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால் அவள் மேல் எல்லோருக்கும் சந்தேகம் இரண்டு மடங்கானது. அவள் கொண்டுவந்த பிஸ்கட்டை ஒருவரும் தொடவில்லை.

அவள் சொன்ன காரணத்தையும் யாரும் நம்பவில்லை. இறங்குவதற்கு இடமில்லாமல் விமானங்கள் வானத்தில் வரிசை கட்டி நிற்கின்றன என்றாள். பெரிய விமானங்களை முதலில் இறக்குகிறார்கள். இந்தச் சின்ன விமானம் தினமும் நாற்பது நிமிடம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஏழு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குகிறது. எண்ணெய் வீணாகிறது, புகை சேர்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்தது. விமானம் மேலே சுற்றும்போது நிழலும் கீழே மொட்டைமாடி, ஏரி, தண்டவாளம் எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கிச் சுற்றுகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டு வருடம் அப்படிச் சுற்றியதில் அது களைத்துப் போய், காலி மனையைக் கண்டதும் படுத்துவிட்டது. நிழல் இல்லாமல் இறங்கும்போது தரை எங்கே தொடங்குகிறது என்று விமானிக்குப் பிடிபடவில்லை, தினமும் இரண்டு முறை குதித்துத்தான் நிற்கிறது, கூடையில் பூ உதிர்ந்துவிடுகிறது, இப்படியே போனால் அந்த விமானத்தையே நிறுத்திவிடுவார்கள் என்றாள். அறிக்கையில் ‘காரணம்: களைப்பு’ என்று அவள் எழுதியிருந்தாள். மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘தொழில்நுட்பம்’ என்று திருத்தியிருந்தார்.

அந்த விமானத்தை ஒரு நாள் சுற்றவிடாமல் நேராக இறக்கிப் பார்க்கலாம், அப்படிச் செய்தால் நிழல் தானே எழுந்து போகும் என்பது அவள் யோசனை. அதற்கு நிலத்துக்காரர்கள் இரண்டு பேரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கூட்டமும் கலைந்தது.

லட்சுமணனும் கையெழுத்துப் போடவில்லை. இதுதான் பஞ்சவர்ணத்துக்குப் புரியவில்லை. படித்துப் பார்க்கிறேன் என்று தாளை வாங்கி வந்தவர் மூன்று வாரமாகப் பையிலேயே வைத்திருந்தார். தினமும் பத்து மணிக்குச் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு மனைக்குப் போனார், நான்கு மணிக்குத் திரும்பினார். கட்டாத வீட்டில் ஒரு மனிதனுக்கு ஆறு மணி நேரம் என்ன வேலை? மனையைக் கன்னியப்பனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு விளாத்திகுளம் போய்விட அவர் உள்ளுக்குள் பேசி முடித்திருக்கிறார் என்று பஞ்சவர்ணம் முடிவு செய்தாள். ஊருக்குப் போகலாமா என்று அவர் இரண்டு முறை கேட்டதும் அவள் நினைவில் இருந்தது. மே மாதம் ஒன்பதாம் தேதி, அவர் கிளம்பி அரை மணி நேரம் கழித்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனாள்.

கன்னியப்பன் அங்கே இல்லை. மனைத் தரகர் யாரும் இல்லை. வெயில் சுற்றிலும் கொளுத்திக்கொண்டிருக்க, நிழலின் வயிற்றுப் பகுதியில், சோற்றுப் பையைத் தலைக்கு வைத்து லட்சுமணன் தூங்கிக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸில் அவர் வாய் பிளந்து தூங்கி அவள் பார்த்ததில்லை. எப்போதும் தொழிற்சாலையின் காலைச் சங்குக்குக் காதை வைத்துக்கொண்டே தூங்கிய மனிதர். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்குள் வந்து உட்கார்ந்தாள். தரை சில்லென்று இருந்தது. நெடுநேரம் கழித்து அவர் கண் விழித்தார்.

"நீ எப்ப வந்த?"

"நீங்க யாருக்கு மனையை விக்கீங்கன்னு பாக்க வந்தேன்."

"போடி கோட்டிக்காரி." அவர் எழுந்து உட்கார்ந்தார். தரையைக் கையால் தடவினார். "ஓஞ்சு போயிப் படுத்துக் கெடக்கு வர்ணம். நமக்குத் தெரியாதா, ஓஞ்சு போறதுன்னா என்னன்னு. கையெழுத்துப் போட்டு எழுப்பிவிட மனசு வரல."

பஞ்சவர்ணம் அவர் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். மூன்று வாரச் சந்தேகம் இறங்க அவ்வளவு நேரம் பிடித்தது. "பாவந்தான்," என்றாள். "ஆனா எனக்கு அடுப்படி வேணும். அத இன்னும் நாப்பது நிமிஷம் சுத்தவிட மாட்டோம், நேரா இறக்குவோம்னுதான அந்தப் புள்ள சொல்லுது? போடுங்க கையெழுத்த."

அவர் போட்டார். கன்னியப்பன் மட்டும்தான் பாக்கி. அவரிடம் பஞ்சவர்ணமே போனாள், வித்யாவையும் கூட்டிக்கொண்டு. அவருடைய பயம் என்னவென்று அதுவரை யாரும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நிழல் மூன்று மாதமாக மண்ணில் ஒட்டிக் கிடக்கிறது. எழுந்து போகும்போது அது மண்ணையும் உரித்துக்கொண்டு போய்விட்டால்?

"எங்க அப்பன் கையெழுத்து போட்டப்போ கெணறு போச்சு மேடம். இப்போ நான் போட்டா கீரப் பாத்தி போவும். நா என் மண்ணக் கட்டிவெப்பேன். அதுக்கு ஒத்துக்கினா போடறேன்."

"ஏன்யா, நெலத்த எவனாவது கட்டிவெப்பானா? அது இன்னா எருமமாடா?" என்று அவர் மனைவி தாயம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

வித்யா சிரிக்கவில்லை. தாளின் கீழே ‘நிலத்தைக் கட்டிக்கொள்ள நில உரிமையாளருக்கு அனுமதி உண்டு’ என்று கையால் எழுதி, அதன்கீழ் அவளும் கையெழுத்திட்டுத் தேதி போட்டாள். கன்னியப்பன் அதை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தபிறகு கையெழுத்துப் போட்டார்.

மே 16, வியாழக்கிழமை. கன்னியப்பன் விடியற்காலையிலேயே பன்னிரண்டு முளைகளை இடது இறக்கையைச் சுற்றி அடித்து, மாடு கட்டும் கயிற்றால் நிழலின் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார். கோவில்பதாகையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஏதாவது ஏமாற்று வேலை நடந்தால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பதினொன்று இருபதுக்கு விமானம் ஒரு சுற்றும் சுற்றாமல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, சரிவில் வண்டி இறங்குவதுபோல் மேற்கிலிருந்து நேராக வந்தது. நிழலின் மூக்குப் பகுதி முதலில் எழுந்தது. காய்ந்த பாயை ஒரு மூலையில் பிடித்துத் தூக்குவது போல மற்றதும் எழுந்து, இளநீர்க்கடையைத் தாண்டி, கிழக்கே விமானத்தின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. மண் அப்படியே இருந்தது. முளையும் கயிறும் அப்படியே இருந்தன. கயிற்றின் நிழலை மட்டும் காணவில்லை. அது விமானத்தின் நிழலோடு போய்விட்டிருந்தது. அன்று விமானம் தரை தொட்டது பயணிகளுக்குத் தெரியவில்லை, கதவைத் திறந்த பிறகுதான் எழுந்தார்கள் என்று வித்யா போனில் சொன்னாள்.

கன்னியப்பன் கடப்பாரையால் பாத்தியை நான்கு இடத்தில் குத்திப் பார்த்துத் திருப்தி அடைந்தார். முளைகளைப் பிடுங்கவில்லை. போனது திரும்பி வந்து மண்ணைக் கேட்டால் என்ன செய்வது? அவர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. மாலை ஐந்து நாற்பதுக்கு நிழல் தனியாகத் திரும்பி வந்தது. பின்னால் கயிற்றின் நிழல் இழுபட்டுக்கொண்டு வந்தது. பழைய இடத்திலேயே, வால் தெருவில் கிடக்க, படுத்துக்கொண்டது. மறுநாள் காலை ஆறரைக்கு, விமானத்தின் முதல் நடைக்குச் சரியாக எழுந்து போனது. மாலையில் வந்தது. விமானத்தின் கடைசி நடை இருட்டிய பிறகு என்பதால் அதற்கு நிழல் தேவைப்படவில்லை.

உயரச் சான்றுக்கு அதிகாரிகள் நடுப்பகலில்தான் ஆய்வுக்கு வருவார்கள். ‘ஆய்வின்போது மனையில் நிழல் இல்லை’ என்று எழுதி அனுமதி கொடுத்தார்கள். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, வெளிப்பூச்சு முடியாமலேயே, லட்சுமணனும் பஞ்சவர்ணமும் குடிவந்தார்கள். அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்தது. மாலையில் நிழல் கூரை மேல் போர்த்திக்கொள்வதால் இரவில் மின்விசிறி போடுவதில்லை. விமானம் நிறுத்தப்படவில்லை. மற்ற விமானங்களும் ஒவ்வொன்றாக நேரே இறங்க ஆரம்பித்தன. எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று வித்யா ஒரு படம் போட்டு அனுப்பியிருந்தாள். அதைக் கன்னியப்பன் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

சென்ற தையில் வித்யா நேரில் வந்து, முளைகளைப் பிடுங்கிவிட்டால் நிழல் முழுதாக விடுபட்டுவிடும், இனி பயமில்லை என்றாள். கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "அவுத்துட்டா அது எங்க போய்ப் படுக்கும்னு யாரு கண்டா? இங்க கீற வரிக்கும் நம்ம கண்ணு முன்னால கீது" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொரு முளையையும் ஆட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் இரண்டு அடி போடுகிறார்.

பஞ்சவர்ணம் மாடியில் மிளகாய் காயப்போட்டால் ஐந்தரைக்குள் அள்ளிவிடுகிறாள். நேற்றும் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரோரம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த லட்சுமணனிடம் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அது வர்ற நேரமாச்சு."

அவர் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தார்.