யாருடன் சாப்பிட்டீர்கள்?

பல்லக்கா என்று அவளை முதலில் கூப்பிட்டவர் எதிர்க் கடை மூக்குக்கண்ணாடிக்காரர்தான். "பல்லக்குல போற யோகம் இல்லேன்னாலும், பேராவது பல்லக்கான்னு இருக்கட்டுமே" என்று அவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. செயற்கைப் பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் கரைத்த சுண்ணாம்பு மாவை ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். யாருக்கு எந்தப் பல் போயிற்று, யார் இடது பக்கமாகவே மெல்லுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முகம் மட்டும் ஒன்றும் தெரியாது. அவள் நட்ட பற்கள் ஊரில் எத்தனையோ விருந்துகளில் மென்றிருக்கும். அவள் மட்டும் தினமும் தனியாகச் சாப்பிட்டாள்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. அவளுடைய தங்கை, வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், தன் கணவன் இறந்ததும் அக்காவோடு வந்து தங்கினாள். பதினொரு வருடம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாத பல்லக்காவுக்கு அதுவே குடும்பம். எட்டு மாதத்துக்கு முன்னால் சின்னவளின் மகன் வந்தான். அவனும் அவன் மனைவியும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "ஆறு மாசம்தான்க்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் ரயிலேறினாள். ஆறு மாதம் எட்டாகியும் திரும்பும் பேச்சே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பல்லக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "இன்னும் சர்க்கரை வியாதி இல்லை. ஆனா வாசல்ல வந்து நிக்குது" என்றார் டாக்டர். அவர் அறைக்கு வெளியே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்தால் சர்க்கரை குறையுமா என்று ஓர் ஆய்வு, பன்னிரண்டு வாரம், தன்னார்வலர்கள் தேவை. வாரத்தில் ஒரு நாளாவது போக ஓர் இடம் இருக்கட்டுமே என்று பல்லக்கா போய்ப் பெயர் கொடுத்தாள்.

சீட்டு போட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேர் எப்போதும்போலச் சாப்பிடலாம், மீதிப் பேர் மாலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அவளுக்கு ஏழு மணிச் சீட்டு வந்தது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் நான்கு கட்டங்கள்: எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, யாருடன். கூட ஆள் இருந்து சாப்பிடுகிறவர்கள் நேரத்தைத் தவறாமல் பிடிக்கிறார்களா என்றும் பார்க்கிறார்களாம்.

முதல் பக்கத்தை உணவு ஆலோசகர் அவளை வைத்துக்கொண்டே நிரப்பினாள். முப்பது வயதுப் பெண், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதே கால் இருக்கும்."

"யாரோட?"

பக்கத்து மேஜையில் ஒரு கணவனும் மனைவியும் பேர் கொடுக்க வந்து, உப்பு யார் அதிகம் போடுவது என்று செல்லமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லக்கா அவர்களைப் பார்த்தாள். "தங்கச்சியோட" என்று வாயில் வந்துவிட்டது. பெண் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மாலை ஆறு நாற்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு நோட்டைத் திறந்தவள், நான்காவது கட்டத்தில் வந்து நின்றாள். நேற்று இருந்த தங்கை இன்று எங்கே போனாள் என்று கேட்டால் என்ன சொல்வது? 'தங்கை' என்று எழுதினாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அவளுக்கு ஒன்பது போதவில்லை.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமல்லவா? இரண்டாம் வாரத்தில் வெறும் 'தங்கை' அவளுக்கே சப்பென்று இருந்தது. 'காய்கறி சூப்பு, ஒரு கிண்ணம். தங்கைக்கு உப்பு போதவில்லை' என்று எழுதினாள். 'தங்கை ஒரு துண்டு ரொட்டி மிச்சம் வைத்தாள், நான் தொடவில்லை' என்று இன்னொரு நாள். வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்து முடிந்ததும் ஆலோசகர் அதைப் படித்துச் சிரிப்பாள்.

"உங்க தங்கச்சி நாக்கு ரொம்ப நீளமோ?"

"அதை ஏன் கேக்கறே? சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அவளுக்குச் சமைச்சுப் போட்டுப் பேர் வாங்க முடியாது."

"இருந்தாலும் உங்களுக்காக அவங்களும் ஏழு மணிக்குள்ள சாப்பிடறாங்களே!"

"அது என்னவோ வாஸ்தவம்தான்" என்பாள் பல்லக்கா. ஒரு வாரத்தில் அவளிடம் யாராவது தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசினார்கள் என்றால் அது அந்த வெள்ளிக்கிழமைதான். அதற்காக அவள் வியாழக்கிழமையே புடவை எடுத்து வைத்தாள். வீட்டில் இரண்டாவது தட்டு ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் சாப்பிடும்போது, இன்று சின்னவள் என்ன குறை சொல்லியிருப்பாள் என்று யோசிப்பதில் பத்து நிமிடம் சுகமாகக் கழிந்தது.

ஐந்தாம் வாரம் முடியும்போது ஆலோசகர் சாதாரணமாகச் சொன்னாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்கம்மா. கூடச் சாப்பிடறவங்ககிட்ட ஆறாவது வாரம் நாங்க பத்து நிமிஷம் பேசுவோம். கையெழுத்துப் போடணும்."

பல்லக்கா நோட்டைப் பையில் திணித்தாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் போன் போட்டாள். சுற்றி வளைத்து, இருமி, கடைசியில் சொல்லி முடித்தாள்.

"என்னைய எழுதியிருக்கியாக்கா? தினமுமா?"

"ஆமாடி."

"என்னன்னு?"

"உப்பு போதலேன்னு."

சின்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிப்போய், மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "நான் போன்ல சொல்லிடறேன்க்கா. ஆமா, ஒண்ணாத்தான் சாப்பிடறோம், இப்பத்தான் ரெண்டு நாளா மகன் வீட்டுக்கு வந்திருக்கேன்னு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"வேண்டாம்டி. நான் பண்ணின கூத்து போதும். உன்னையும் எதுக்கு இழுத்து விடணும்." பல்லக்கா பேச்சை மாற்றினாள். "அங்க நீ எப்படிச் சாப்பிடறே?"

"இங்கயா? மேஜை கொள்ளாது போ! மகன், மருமக, நான், குழந்தை எல்லாம் ஒண்ணா உக்காந்து ஒரே சத்தம். நான் பரிமாறி முடிக்கறதுக்குள்ள ஒரு பாட்டம் சண்டை ஓடிடும்."

"நல்லா இரு" என்றாள் பல்லக்கா. மனதாரத்தான் சொன்னாள். ஆனாலும் போனை வைத்த பிறகு அந்த மேஜையின் சத்தம் காதிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனாள். ஆலோசகரின் முகத்தைப் பார்க்காமல், மேஜை மேலிருந்த தராசைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை.

"சாப்பாடு, நேரம், அளவு எல்லாம்?"

"அதெல்லாம் சத்தியமா நிஜம்மா. ஒரு நாள்கூட ஏழு தாண்டலே."

அந்தப் பெண் எழுந்து பெரிய டாக்டரிடம் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். "நீங்க ஆய்வுல இருக்கலாம்மா. ஆனா நோட்டைத் திருத்தணும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பான வார்த்தை மேல ஒரே ஒரு கோடு. அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒவ்வொண்ணுக்கும். நான் கூட இருந்து பார்க்கணும், அது விதி."

நாற்பத்து மூன்று இடங்கள். பல்லக்கா பேனாவை எடுத்தாள். தங்கை, ஒரு கோடு, யாருமில்லை, கையெழுத்து, தேதி. அடுத்தது. மெழுகில் பல் நட்டுப் பழகிய கை, கோடு கொஞ்சமும் கோணவில்லை. பத்தாவதில் கண் மங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆலோசகர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை போன் அடித்தது, எடுக்கவில்லை.

ஓர் இடத்தில் பல்லக்கா நிறுத்தினாள். "உப்பு போதலேன்னு இருக்கே, அதையும் அடிக்கணுமா?"

"அன்னிக்கு உப்பு நிஜமாவே கம்மியா?"

"கம்மிதான். எனக்குத்தான் தோணிச்சு."

"அப்ப அது இருக்கட்டும். 'தங்கைக்கு' மட்டும் அடிங்க."

அடித்துவிட்டு 'எனக்கு' என்று எழுதினாள். முடிக்க முக்கால் மணி நேரமாயிற்று.

அதன்பின் ஆறு வாரம் அவள் தவறாமல் போனாள். ஊசி, எடை, இடுப்பளவு, அடுத்த தேதி. ஆலோசகர் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எதைக் கேட்டால் அம்மா மனசு நோகுமோ என்று எதையுமே கேட்காமல் இருந்தாள். பல்லக்காவுக்கும் தானாக எடுத்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பன்னிரண்டாம் வாரம் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது, எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. நன்றிக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் எழுந்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும் பழக்கத்தில், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தாள். இனிப் போக வேண்டியதில்லை என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

அன்றே கூடத்து முதலாளியிடம் நான்கு நாள் லீவு கேட்டாள். "உனக்கு லீவு எடுக்கக்கூடத் தெரியுமா பல்லக்கா?" என்று அவர் வாயைப் பிளந்தார்.

ஆறு மணி நேர ரயில். சின்னவளின் மகன் நிலையத்துக்கே வந்து பையை வாங்கிக்கொண்டான். முதல் நாள் இரவு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். மருமகள் பெரியம்மாவுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். குழந்தை கரண்டியால் தட்டில் தாளம் போட்டது. போனில் சொன்னது அத்தனையும் உண்மைதான் என்று பல்லக்கா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவரவர் வேலைக்குப் போனார்கள். பல்லக்கா பழக்கப்படி ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டாள். "எனக்கு இப்பப் பசிக்கலேக்கா, அப்புறமா அவங்களோட" என்றாள் சின்னவள். எட்டு மணிக்கு மகன் வந்து, தட்டை வாங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். மருமகள் தன் தட்டோடு குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போனாள். மேஜை மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது.

பல்லக்கா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். சின்னவள் சுவரைப் பார்த்து நின்றபடி சட்டியிலிருந்தே கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஒட்டிட்டிருந்துச்சு, வீணாப் போகுதேன்னு..."

"தினமும் இப்படித்தானா?"

"சேச்சே, இன்னிக்குத்தான்க்கா."

நாற்பத்து மூன்று தடவை பொய் எழுதியவளுக்கா இது தெரியாது? பல்லக்கா தொங்கிய கரண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, சட்டியின் மறுபக்கம் போய் நின்றாள்.

"உனக்குத்தான் ஏழு மணிக்கு மேல ஆகாதே!"

"ஆய்வு முடிஞ்சாச்சு, தள்ளி நில்லு."

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்கள். உள்ளே குழந்தை அழுதது. "அத்தே, கொஞ்சம் வரீங்களா?" என்று மருமகளின் குரல் வந்தது. "இதோ வந்துட்டேன், நீ சாப்பிடுக்கா" என்று சின்னவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

பல்லக்கா சாப்பிடவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு, அடுப்படி விளக்கின் கீழே நின்றாள். சின்னவள் குழந்தைக்கு முணுமுணுவென்று ஏதோ சொல்லித் தட்டிக்கொடுப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. இருபது நிமிடம் ஆயிற்று.

"என்னக்கா, ஆறிப்போச்சு, இன்னும் சாப்பிடலையா?"

"சூடு பண்ணிக்கலாம். நாற்காலி ரெண்டை இங்க எடுத்துட்டு வா" என்று சொல்லி, பல்லக்கா அடுப்பைப் பற்றவைத்தாள்.