கைப்பிடி எந்தப் பக்கம்

வீட்டில் அவனுக்குத் தராசு என்று பெயர். குடை வாங்கக் கிளம்பினால் மழைக்காலம் முடிந்த பிறகுதான் குடையோடு திரும்புவான். அதற்குள் ஊரிலுள்ள எல்லாக் குடைகளின் கம்பியும் துணியும் அவனுக்கு மனப்பாடமாகியிருக்கும். கல்யாண விஷயத்திலும் அதே நிதானத்தைக் கடைப்பிடித்ததால் இன்னும் தனிக்கட்டை. பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது: கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்டே சம்பளம் வாங்குகிறான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் அலசிப் பார்த்து வாங்கிய எந்தப் பொருளும் இதுவரை சோடை போனதில்லை. ஆகவே, தனக்குப் புதுத் தூண்டில் ரீல் வாங்கும் பொறுப்பை அண்ணன் அவனிடம் விட்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

அண்ணனின் பழைய ரீல் ஏரிக்குள் கிடக்கிறது. வழக்கம்போலத் தூண்டிலை ஓங்கி வீசினார். இரையோடு சேர்ந்து கோலும் ரீலும் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தன. "கை ஈரம்" என்றார் அண்ணன். "ஆமா, ஈரம்தான்" என்றான் தராசு. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணன் அன்று ஒரு மீனையும் தொட்டிருக்கவில்லை.

அண்ணன் பேக்கரியில் கேக்குகளின் மேல் எழுதுகிறவர். கிரீம் கூம்பை வலது கட்டைவிரலால் அழுத்தி அழுத்தியே பாதி ஊருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னவர். சில மாதங்களாக அந்த எழுத்துகள் ஓடும் பேருந்தில் உட்கார்ந்து எழுதியவைபோல இருந்தன. ஒரு கல்யாணக் கேக்கில் 'வாழ்க' என்பது முடிவதற்குள் கூம்பு நழுவி, மணமக்கள் 'வா' என்பதோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. முதலாளி அவரை அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டார்.

மருத்துவர் அண்ணனிடம் நரம்பு அழுத்தம் என்று சொல்லி, அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். பிறகு தராசையும் அண்ணியையும் மட்டும் நடைவழிக்கு அழைத்துப்போய் வேறு சொன்னார். இது திரும்பாது. மெதுவாக அடுத்த கைக்கும் போகும். அப்புறம் மற்றதுக்கும். தராசு அதே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்தான். பதில் மாறவில்லை.

"அவர்கிட்ட சொல்லிடாதே தம்பி" என்றார் அண்ணி. "பந்தை நம்பிக்கிட்டிருக்கார். நம்பட்டும்."

இப்படியாக அவன் ஒரு சனிக்கிழமை தூண்டில் கடைக்குப் போனான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசைக்கடியில் தேடுகிற மனிதர். தராசு கேட்டதும், கண்ணாடி மேசைமேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு மூன்று பெய்ட்காஸ்டிங் ரீல்களை வரிசையாக வைத்தார்.

முதல் ரீலின் கைப்பிடியைத் தராசு பிடித்து ஆட்டினான். பால்பல் மாதிரி ஆடியது. தள்ளி வைத்தான்.

"விவரமான ஆள்தான்" என்றார் கடைக்காரர். "மிச்ச ரெண்டும் நல்ல சரக்கு. இது வேகம். ஒரு சுத்துக்கு உள்ள உருளை எட்டுச் சுத்து சுத்தும். பிரேக் பேருக்குத்தான். கட்டைவிரல் நல்லா இருந்தா ஏரியோட அந்தக் கரையையே தொடலாம். இன்னொண்ணு நிதானம். காந்த பிரேக். விரல் தூங்கினாலும் அது தூங்காது. கைப்பிடிக் குமிழும் பெருசு."

தராசுக்கு இது புதிதல்ல. இந்த வகை ரீலில் வீசும்போது உருளை தானாகச் சுழன்று நூலை விடும். இரை தண்ணீரைத் தொடும் நேரத்தில் கட்டைவிரலால் உருளையை அமுக்க வேண்டும். பிந்தினால் இரை நின்றுவிடும், உருளை நிற்காது. நூல் முழுவதும் பொங்கிச் சிக்கிக்கொள்ளும். சகோதரர்கள் அதற்குக் குருவிக்கூடு என்று பேர் வைத்திருந்தார்கள்.

"கைப்பிடி எந்தப் பக்கம்?" என்றார் கடைக்காரர். "வேகமானது இடப்பக்கம், நிதானமானது வலப்பக்கம். இப்பவே யோசிச்சுக்குங்க. இதுல பக்கம் மாத்திப் போட முடியாது."

"எங்க அண்ணனுக்குங்க. வலது கையில வீசி இடது கையில சுத்துவார். வலது கைதான் இப்ப கொஞ்சம் சரியில்ல."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "தேறிடுமா?"

தராசு இரண்டு ரீல்களையும் பார்த்தான்.

"ஏன் கேக்கறேன்னா, தேறிடும்னா கண்ணை மூடிக்கிட்டு இடப்பக்கத்தை எடுங்க. தேறாதுன்னா வீசற வேலையை இடது கைக்குப் பழக்கணும். வலது கை சும்மா சுத்தினா போதும். அப்போ வலப்பக்கம், பெரிய குமிழ். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். வலப்பக்கத்து ரீலை அண்ணன் கையில் கொடுத்தால், பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். ரப்பர் பந்துக்கு அதற்கப்புறம் வேலை இருக்காது.

"தேறிடும்" என்றான் தராசு. "பந்து அழுத்தறார்." வேகமான ரீலை வாங்கிக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒப்பிட்டுப் பார்த்து, சரியானது எதுவென்று தெரிந்தும் மற்றதை வாங்கினான்.

அண்ணன் பெட்டியைத் திறந்து இடப்பக்கத்துக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு ரீலைக் காதோரம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டார். "ராசா மாதிரி இருக்குடா" என்றார். கோலில் மாட்டி, நூல் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, குடியிருப்பின் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு இறங்கினார். அண்ணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க மீன் கிடைச்சா எனக்கும் ஒண்ணு சொல்லுங்க."

"எண்ணெயைக் காய வை" என்றார் அண்ணன்.

வீசினார். நட்டு கொஞ்ச தூரம் போய், பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சக்கரத்தில் மோதி நின்றது. உருளை நிற்கவில்லை. கட்டைவிரல் அதன்மேல்தான் இருந்தது, ஆனால் இருந்தது மட்டும்தான். குருவி மட்டுமே பாக்கி என்கிற அளவில் கூடு நிறைந்தது.

இருவரும் சுவரோரம் உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். அண்ணன் இடது கை விரல்களால் கண்ணி கண்ணியாக இழுத்தார்.

"இதை எப்படிடா தேர்ந்தெடுத்தே?"

"கடைக்காரர் சொன்னார். நல்ல வேகம்."

"கடைக்காரர் சொன்னாருன்னு நீ செருப்புகூட வாங்கினதில்லையேடா." அண்ணன் தலை நிமிரவில்லை. "என் விரல் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியும். ஈரம்னு நான் சொன்னப்போ ஆமான்னு சொன்னவன் நீ. அப்படியிருந்தும் பிரேக் இல்லாததை, இடப்பக்கத்தை வாங்கிட்டு வந்திருக்கே. நீ தப்பா வாங்கற ஆளில்லடா."

தராசு ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் இழுப்பதென்று தெரியாமல் இருந்தான்.

"இன்னும் ரெண்டு மாசத்துல…" என்று ஆரம்பித்தான்.

"நாளைக்குக் கடை உண்டா?"

"உண்டு."

"போகலாம். நானும் வர்றேன்."

மறுநாள் கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். வலப்பக்கத்து ரீலை எடுத்து ரப்பர் விரிப்பில் வைத்தார். ஆனாலும் தொழில் பழக்கம், கேட்டுவிட்டார்.

"கை தேறிடும்னு சொன்னாரே உங்க தம்பி?"

"டாக்டர்கிட்ட பேசினது அவன்தான்" என்றார் அண்ணன். "அவனையே கேளுங்க."

வேலையில் அவன் முன் உட்காருகிறவர்கள் முகத்தைக் கருவியில் பதித்துக்கொண்டு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சில சமயம் சொல்வார்கள். அவசரமில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்பான் அவன். இப்போது அண்ணன் அப்படித்தான் காத்துக்கொண்டு நின்றார்.

"தேறாதுங்க" என்றான் தராசு, கடைக்காரரைப் பார்த்து.

கடைக்காரர் தேவையில்லாமல் விரிப்பைச் சரிசெய்தார்.

"இடது கை?" என்றார் அண்ணன்.

"அதுக்கும் வரும். மெதுவா."

"எப்போன்னு கேட்டியா?"

"கேட்டேண்ணா. திருப்பித் திருப்பிக் கேட்டேன். தெரியாதுன்னுட்டார்."

"நீ கேட்டிருப்பே" என்றார் அண்ணன். அவனைக் கிண்டல் செய்யும்போது வரும் அதே குரல்தான், பாதியிலேயே நின்றுவிட்டது. ரீலைக் கையில் எடுத்துப் பெரிய குமிழைத் திருப்பிப் பார்த்தார். "உங்க அண்ணிக்குத் தெரியுமா?"

"அவங்கதான் சொல்ல வேண்டாம்னாங்க."

"சரி. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. ரெண்டு நாள் போகட்டும். நான் பந்தை நம்பறேன்னு நம்பிக்கிட்டு இருக்கா."

கடையின் பின்கட்டில், குறி வைத்து வீசிப் பார்ப்பதற்கென்று சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. கடைக்காரர் கோலில் ரீலை மாட்டி, நூல் நுனியில் ஈயக்குண்டு கட்டி, பிரேக்கை இறுக்கிக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் யாரும் இல்லாத கடையைப் பார்த்துக்கொள்ள முன்பக்கம் போனார்.

அண்ணன் இடது கையால் வீசினார். ஈயக்குண்டு பாதி வழியிலேயே தரையில் விழுந்து உருண்டது. உருளை மெல்ல நின்றது. கூடு கட்டவில்லை. வலது கையின் விரல்கள் குமிழைப் பற்ற மறுத்ததால் உள்ளங்கையால் தள்ளித் தள்ளிச் சுற்றினார். குண்டு தரையில் நின்று நின்று வந்து சேர்ந்தது.

"சரியான ரீல்தான்" என்றார்.

மறுபடி வீசினார். மறுபடி பாதி வழி. தராசு மெதுவாக நடந்துபோய், எதையோ தேடுகிறவன்போலக் குனிந்து, தொட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தான்.

"டேய்."

தராசு அப்படியே நின்றான்.

"இருந்த இடத்துலயே வை."

தராசு தொட்டியைச் சுவர்வரை தள்ளி வைத்துவிட்டு வந்து, அண்ணனின் இடப்பக்கமாக நின்றுகொண்டான்.