தாய்மாமன் மடி

மூன்றாவது தடவையும் மெஷின் அதையேதான் சொன்னது. இரண்டு காதிலும் பதில் ஒலி இல்லை.

உட்காதைப் பற்றிப் பத்தொன்பது வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவன் நான். காதுக்குள் சின்னக் குமிழ் ஒன்றைச் செருகிச் சத்தம் அனுப்பினால், நல்ல உட்காது பதிலுக்கு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். பிறந்த இரண்டாம் நாளே பார்த்துவிடலாம். என் தங்கை திலகவதியின் மகள் காவ்யாவுக்கு மூன்று வயது எட்டு மாதம். இன்றைக்குத்தான் பார்க்கிறோம். அதுவும் போன வாரம் வீடியோ காலில் நான் ஏழு தடவை கூப்பிட்டும் அவள் திரும்பாததால், பெங்களூரிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

“பொறந்தப்பவே டெஸ்ட் எடுக்கச் சொல்லிருப்பாங்களே?” என்று கத்தினேன்.

“சொன்னாங்க” என்றாள் திலகா. “மாமாதான் வேணாம்னுட்டாங்க.”

மாமா என்றால் அவள் மாமனார் வெள்ளைச்சாமி. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “காது குத்தாத புள்ள காதுல மெஷினு கிஷினு வைக்கப்படாது தம்பி. எங்க வீட்டு வழக்கம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “வழக்கமாவது மண்ணாவது! ஒரு வயசுக்குள்ள கண்டுபிடிச்சு காதுக்குள்ள கருவி வச்சிருந்தா இந்நேரம் ஒங்கள தாத்தான்னு கூப்பிட்டிருப்பா. மூளை அந்த வயசுலதான் பேச்சப் பிடிக்கும். கழிஞ்ச மாசமெல்லாம் கழிஞ்சதுதான். திரும்பி வருமா?”

“இவ அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான். அப்படித்தான் நெனச்சோம்…” கிழவர் இழுத்தார். நான் விடவில்லை.

“அப்ப காதக் குத்தித் தொலைய வேண்டியதுதானே! ஒரு ஊசி, ஒரு தோடு. அதுக்கு இத்தன வருஷமா?”

காவ்யா மெஷின் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். திலகா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மடி வேணுமேண்ணே.”

“என்ன மடி?”

“தாய்மாமன் மடியிலதானே ஒக்கார வச்சுக் குத்துவாங்க. எனக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? பதினோராம் மாசம் தேதி குறிச்சோம். ஜெர்மனி போறேன்னுட்ட. அடுத்த ஆவணியில வச்சோம். கட்டுரை அனுப்பணும்னுட்ட. போன தையில பந்தக்கால் நட்டாச்சு. மொத நாள் போன் பண்ணி, ‘இதெல்லாம் ஒரு விசேஷமா, நீங்களே குத்திக்கங்க’ன்னு வச்சுட்ட. உசுரோட தாய்மாமன் இருக்கையில இன்னொருத்தன் மடியான்னு மாமா ஒத்துக்கல.”

“மெஷின் சங்கதிய எங்கிட்டச் சொல்லலியேடி!”

“எங்க சொல்ல விட்ட? புள்ள பேச மாட்டேங்குது, காது குத்தினாத்தான் டாக்டர்கிட்டப் போக விடுவாங்கன்னு சொல்லத்தான் ஒவ்வொரு தடவயும் கூப்பிட்டேன். வாயத் தொறந்தாலே மீட்டிங், மீட்டிங்.”

ஜெர்மனிக் கூட்டத்தில் நான் பேசியது, கைக்குழந்தைகளின் காது கேளாமையை மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது பற்றி. எழுந்து நின்று கைதட்டினார்கள். செருப்பால் அடித்திருக்க வேண்டும். ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த வாய்க்கு இப்போது திட்ட ஆள் ஒருத்தன்தான் மிச்சம்.

“கெளம்புங்க, இப்பவே குத்துவோம். நாளைக்குக் காலையில திருச்சி பெரியாஸ்பத்திரி” என்றேன். நல்ல நாள் பார்க்க வேண்டும் என்பார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று வெள்ளைச்சாமியைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“வாங்க தம்பி. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

இலுப்பூர் கடைத்தெருவில் ஆசாரி கடை. காவ்யாவை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியதும் வீறிட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் பதறிப்போய் அவள் காதோடு வாயை வைத்து, “அழாதடா தங்கம், மாமா இருக்கேன், மாமா வந்துட்டேன்ல” என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

திலகா என் கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்தாள்.

“தட்டிக் குடுண்ணே” என்றாள். “அதுதான் அவளுக்குத் தெரியும்.”