புரொபசர் வாய்க்கு எத்தனை மார்க்

பெல்ஜியத்தில் இருக்கும் எங்கள் கென்ட் நகரத்தில் வாய் நாற்றத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் புரொபசர் கிஸ்லேன் ஃபான் ஹோரெபேக்கேயிடம்தான் வந்தாக வேண்டும். பல் மருத்துவத் துறையின் மூன்றாவது மாடி முழுக்க அவருடைய ராஜ்ஜியம். அவர் எழுதிய தடித்த புத்தகத்தை வெளியூர்களிலும் பாடமாக வைத்திருக்கிறார்கள். உயரமான மனிதர், நரைத்த தாடி, தங்கமான குணம். யாருடைய பிறந்தநாளையும் மறக்க மாட்டார். ஒரே ஒரு குறை. அவர் பக்கத்தில் வந்து பேசினால் எதிரே நிற்பவரின் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் சுபாவம் அப்படி. ஒருவருடைய கால்சட்டை ஜிப் திறந்திருந்தால் "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்போமே தவிர, நேரே சொல்ல மாட்டோம். அதனால் துறையில் ஆளுக்கொரு தந்திரம். செயலாளர் அம்மாள் பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்தே வைப்பார். ஆராய்ச்சி மாணவன் வான்னஸ், புரொபசர் வாயைத் திறந்ததும் குறிப்பெடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வான். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "சளி" என்பேன். என் பெயர் க்ரேட். ஆய்வுகளுக்கு ஆள் திரட்டுவது, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. பல வருடங்களாகத் தீராத என் சளிக்காக அவர் ஊர் ஊராக மருந்து வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். அவ்வளவு நல்ல மனிதர்.

அந்த வசந்த காலத்தில் எங்களுக்கு ஒரு பெரிய ஆய்வு கிடைத்தது. ஹாலந்தில் இருக்கும் ஒரு கம்பெனி புதிதாக வாய் கொப்பளிக்கும் மருந்து தயாரித்திருந்தது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. வாய் நாற்றம் எவ்வளவு குறைந்தது என்று கடைசியில் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு மெஷின் உண்டு. ஆனாலும் இந்தத் துறையில் மனித மூக்குதான் உச்ச நீதிமன்றம். நடுவில் ஒரு திரை. திரையில் ஒரு ஓட்டை, அதில் ஒரு கண்ணாடிக் குழாய். அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்து குழாயில் மூச்சு விட, இந்தப் பக்கம் முகர்பவர் மார்க் போடுவார். நாற்றமே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியாவிட்டால் ஐந்து. அந்தப் பக்கம் யார் என்று முகர்பவருக்குத் தெரியக் கூடாது.

எங்களுக்கு இரண்டு மூக்குகள். ஒன்று டாக்டர் ஃபேர்லெயுடையது. லிஃப்டுக்குள் நுழைந்ததும் அதில் சற்று முன் போனவர் என்ன தின்றார் என்று சொல்லிவிடுவாள். புரொபசரிடம் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பேசுவாள். இன்னொன்று வான்னஸுடையது. சுமாரான மூக்கு, ஆனால் உழைப்பாளி. காபி கிடையாது, சென்ட் கிடையாது, வெங்காயம் கிடையாது என்று இருவரும் வாரக்கணக்கில் விரதம் இருந்தார்கள். ஃபேர்லெக்குக் காபி இல்லாத கோபம் வேறு.

ஆய்வைத் தொடங்குவதற்கு முன் ஒரு பரீட்சை இருந்தது. ஒரே ஆளை இரண்டு மூக்குகளும் தனித்தனியாக முகர்ந்து, ஏறக்குறைய ஒரே மார்க் போட வேண்டும். அதை மேற்பார்வை பார்க்கக் கம்பெனியிலிருந்து யானெக்கெ என்ற பெண்மணி ரயிலேறி வந்திருந்தார். குட்டை முடி, பெரிய மூக்குக் கண்ணாடி. வந்ததும் என் கையைக் குலுக்கி, "உங்க ஊர் காபி நல்லா இருக்கு, ஆனா உங்க சட்டை உங்களுக்குப் பொருந்தல" என்றார். ஹாலந்துக்காரர்கள் அப்படித்தான். எனக்குக் கோபம் வரவில்லை, மறுநாளிலிருந்து அந்தச் சட்டையை நான் போடவும் இல்லை.

எல்லாம் தயார். அப்போதுதான் ட்ராம் ஓட்டுநர் ஓடீல் போன் செய்தார். எங்களிடம் மூச்சு விட வருகிறவர்களிலேயே பலமாக நாறும் வாய் அவருடையதுதான்.

"க்ரேட், மன்னிச்சுக்கம்மா. இன்னைக்கு வர முடியாது."

"ஏங்க? என்னாச்சு?"

"பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டோம். போட்டோ எடுக்கணும்னு வீட்ல புடிச்சு பல் டாக்டர்கிட்ட உக்கார வெச்சுட்டாங்க. இப்ப என் வாய் ரோஜாப்பூ மாதிரி இருக்கு. உங்களுக்குப் பிரயோஜனப்படாது."

வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். திரும்பினால் பின்னால் புரொபசர்.

"ஓடீல் வரலையா? பரவால்ல விடு. அந்த நாற்காலியில நான் உக்காந்துக்கறேன்."

நான் குறுக்கே கையை நீட்டினேன். "வேணாம் புரொபசர். நீங்க பெரியவங்க. நீங்க போய் அங்க..."

"அதுல என்ன இருக்கு? சுத்தமான பூஜ்யம் ஒண்ணு வேணும்ல? நான் இருக்கேன்!"

மதியம்தான் அவர் வழக்கம்போல் ஹெர்வ சீஸ் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டிருந்தார். அந்தச் சீஸை ரயிலில் கொண்டுபோனால் நமக்கு ஒரு பெட்டியே காலியாகக் கிடைக்கும்.

நான் திரையின் ஓரத்தில் நின்றேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். ஒவ்வொருவராக வந்து மூச்சு விட்டுப் போனார்கள். ஃபேர்லெ இரண்டு என்றால் வான்னஸும் இரண்டு. அவள் மூன்று என்றால் அவனும் மூன்று. யானெக்கெ தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். முகர்ந்து முடிந்தவர்களுக்கு நான் எங்கள் ஊர் மூக்கு மிட்டாய், அதாவது மூக்கு வடிவத்தில் ஊதா நிறத்தில் இருக்கும் மிட்டாய், ஒன்று கொடுத்து அனுப்பினேன்.

கடைசி ஆளாகப் புரொபசர் உட்கார்ந்தார். தாடியை ஒதுக்கிக்கொண்டு குழாயில் வாயை வைத்து ஒரு மூச்சு விட்டார்.

ஃபேர்லெயின் தலை, யாரோ அறைந்ததுபோல் பின்னால் போனது.

"அஞ்சு!" என்று கத்தினாள். "அம்மாடி! ஆறுன்னு ஒண்ணு இருந்தா ஆறு போடுவேன். யாருங்க அது உள்ள? இந்த மனுஷனுக்குக் கல்யாணம் ஆயிருக்கா? ஆயிருந்தா அந்த அம்மாவுக்குச் சந்தையில சிலை வைக்கணும்!"

திரைக்கு அந்தப் பக்கம் புரொபசர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "பாவம் ஃபேர்லெ," என்று கிசுகிசுத்தார். "மூக்கு கெட்டுப்போச்சு போல."

அடுத்து வான்னஸ் குனிந்தான். குழாயிலிருந்து வந்த காற்று பட்டதும் அவன் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூச்சை எதிரில் உட்கார்ந்து எத்தனை நாள் வாங்கியிருக்கிறான்! அவனுடைய டாக்டர் பட்டம் அந்த வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"பூஜ்யம்," என்றான்.

யானெக்கெயின் பேனா நின்றது. "ஒருத்தர் அஞ்சு, ஒருத்தர் பூஜ்யமா? ரெண்டு பேருல ஒருத்தருக்கு மூக்கே இல்லன்னு அர்த்தம். இப்படி இருந்தா நான் ஆய்வைத் தொடங்க விடமாட்டேன்."

"வான்னஸ் சொன்னதுதான் சரி!" என்று திரைக்குப் பின்னாலிருந்து புரொபசரின் குரல் வந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் ஃபேர்லெ உறைந்துபோனாள். என்னைப் பார்த்தாள். நான் மிட்டாய் டப்பாவைப் பார்த்தேன். ஒரு கணம் அவள் பின்வாங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் புரொபசர், "ஃபேர்லெ, உனக்கு ஜலதோஷம்மா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு," என்று சேர்த்துக்கொண்டார். அவளுடைய மூக்கைக் குறை சொன்னால் அவள் பெற்ற தாயையும் விடமாட்டாள்.

"என் மூக்குக்கு ஒண்ணும் இல்ல புரொபசர். மறுபடி வைங்க," என்றாள்.

மறுபடி வைத்தார்கள். ஃபேர்லெ ஐந்து. வான்னஸ் யானெக்கெயின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு... இருக்கலாம்," என்றான்.

"இருக்கலாமா?" என்றார் யானெக்கெ.

"ஒன்றரை."

"தம்பி, இது மீன் ஏலமா?"

"ரெண்டு. ரெண்டேகால். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க, நான் புள்ளகுட்டிக்காரன்." அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

சரி, மெஷினைக் கொண்டு வாருங்கள் என்றார் புரொபசர். கொண்டு வந்தேன். அவர் உறிஞ்சுகுழலில் மூச்சு விட்டார். எண்கள் ஏறின, ஏறின, பிறகு மெஷினில் எண்ணே இல்லாமல் கோடு மட்டும் வந்தது. "மெஷின் ரிப்பேர்," என்றார் அவர். என்னை ஊதச் சொன்னார்கள். ஒழுங்கான எண் வந்தது. அவர் ஊதினார், கோடு வந்தது. "பாத்தியா, நடுநடுவுல மக்கர் பண்ணுது," என்றார். அவர் நடிக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுதான்.

யானெக்கெ எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திரையைச் சுற்றிக்கொண்டு போய்ப் புரொபசரின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஹான்னு சொல்லுங்க."

"ஹா..."

நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

"புரொபசர், உங்க வாய் நாறுது. ரொம்ப நாறுது. அந்தம்மா போட்ட அஞ்சு சரி. இந்தத் தம்பி பொய் சொல்றாரு. அடுத்த வேலையப் பாக்கலாமா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு ட்ராம் மணியடித்துப் போனது. வான்னஸ் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். புரொபசர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லோருமே தலையைக் குனிந்திருந்ததால் அவருக்கு எங்கள் உச்சந்தலைதான் தெரிந்திருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ரைன்ஹில்ட, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. என் வாய் நாறுதா?"

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"யார் சொன்னா?"

"கம்பெனியிலருந்து வந்த ஹாலந்து அம்மா."

"அவங்களுக்கு ஒரு பூங்கொத்து வாங்கிக் குடு," என்று சொல்லும்போதே அந்தக் குரல் உடைந்தது. "கடவுளே! கடைசியா ஒருத்தி சொன்னாளே!"

"நீ ஏன் சொல்லல?"

"நானா? கல்யாணமான புதுசுலயே சொன்னேனே! நீ என்ன சொன்ன? 'ஒரே ஒரு ஆள் மோந்து பாத்துச் சொல்றது ஆதாரம் ஆகாது'ன்ன. 'ரெண்டு பேர் தனித்தனியா அளக்கணும், மெஷின்லயும் வரணும்'ன்ன. நான் ரெண்டாவது ஆளுக்கு எங்க போவேன்? பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடவா?"

ஃபேர்லெ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அப்ப நீ தனி ரூம்ல படுக்கறது? என் குறட்டைன்னு சொன்னியே?"

"நீ குறட்டையே விடறதில்ல கிஸ்லேன்."

புரொபசர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அழப்போகிறார் என்று பயந்து நான் ஒரு மூக்கு மிட்டாயை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"ரெண்டு பேர் மோந்து பாத்தாச்சு. மெஷின்லயும் வந்தாச்சு," என்றார் மெல்ல. "இப்ப அது ஆதாரம்தான்."

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபேர்லெ மறுநாள் அவரை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னாள். பற்கள் எல்லாம் முத்து மாதிரி. நாக்கு மட்டும் பாசி பிடித்த கால்வாய் மாதிரி. நாக்கு வழிப்பதன் அவசியம் பற்றி அவருடைய புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. எழுதியவர் அதைச் செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் வழித்தெடுத்ததைப் பார்த்து அவரே முகத்தைச் சுளித்தார். சீஸை விடச் சொன்னதற்குத்தான் கொஞ்சம் சண்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று பேசி முடித்தார்கள்.

வான்னஸ் அவருடைய அறைக்குப் போய், பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டான். "பொய் சொன்னது தப்புதான். ஆனா பயந்துகிட்டே இரக்கப்பட்டிருக்க. ரெண்டும் ஒண்ணா வர்றது கஷ்டம்," என்று தோளில் தட்டி, ஒரு மாதம் தினமும் ஃபேர்லெயோடு உட்கார்ந்து முகர்ந்து பழகச் சொன்னார். ஆய்வு தாமதமாகத் தொடங்கி ஒழுங்காக முடிந்தது. அந்த மருந்து, வண்ணத் தண்ணீரைவிட ஒரு நூலிழைதான் மேல். யானெக்கெ அதையும் கம்பெனியில் நேரே சொல்லிவிட்டாராம்.

அத்தோடு கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் புரொபசர் மாறிவிட்டார். இத்தனை வருடம் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்ற ஆதங்கம், மற்றவர்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்ற வெறியாக மாறியது. ட்ராமில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் "உங்களுக்கு ரெண்டரை, ஈறைக் கவனிங்க," என்பார். ரொட்டிக் கடையில் காசு கொடுத்துவிட்டு, "ஒண்ணுதான், கவலப்படாதீங்க," என்பார். எங்கள் ஊரில் ஆட்கள் அவரைக் கண்டால் எதிர்ப் பக்க நடைபாதைக்குத் தாவத் தொடங்கினார்கள். முன்பும் தாவினார்கள், இப்போது காரணம் வேறு.

பல்கலைக்கழக ஆண்டு விழாவில் எங்கள் துறைக்கும் மேலே இருக்கும் புலத் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார். புரொபசர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். நான் ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன். பலிக்கவில்லை.

"நாலு!" என்றார் அவர், தலைவரின் கையில் மைக் இருந்ததால் தோட்டம் வரைக்கும் கேட்டது. "நல்ல நாலு! திங்கக்கிழமை காலைல பல்லு விளக்காம வாங்க, ஃபேர்லெ பாக்கட்டும்!"

தலைவர் திங்கள்கிழமை வரவில்லை. அவரிடமிருந்து ஒரு ஆள் வந்தான், எங்கள் சாமான்களை அடித்தளத்துக்கு இறக்கி வைக்க. இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறோம். ஜன்னல் கிடையாது. செயலாளர் அம்மாள் முதல் நாள் பழக்கதோஷத்தில் சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.